ஒரு பாய் அகலம்

சுங்கை லாலாங் தோட்டம், கெடா
2.9.1973

அன்புத் தங்கை பிரேமாவதிக்கு,

அண்ணன் பரஞ்சோதி எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். அங்கே குளிர் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். கம்பளிக் காலுறை வாங்கிக்கொண்டாயா என்று அம்மா கேட்கிறார். தாதிப் பயிற்சி எப்படிப் போகிறது என்று நான் கேட்கிறேன்.

ஒரு வேலை இருக்கிறது. உன்னால்தான் முடியும்.

அம்மாவின் சிவப்பு அட்டையை, குடியுரிமை பெற்றவர்களுக்கான நீல அட்டையாக மாற்ற மனுப் போட்டிருக்கிறேன். குடியுரிமை இல்லாதவர்களுக்கு இனி வேலை பெர்மிட் கிடைப்பது கடினம் என்கிறார்கள். அம்மா இந்தத் தோட்டத்தில் பிறந்தவர். பிறந்ததற்குத் தாள் இல்லை. வேலையாட்கள் பெயர் பதிந்த பழைய செக்ரோல் புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது. சுதந்திரத்துக்கு முன்பிருந்தே இங்கேதான் இருந்தார் என்று அன்றைய நிர்வாகத்தில் இருந்த யாராவது எழுதிக் கொடுக்க வேண்டுமாம். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களின் சாட்சி எடுபடாது. அவர்களில் பாதிப் பேர் கையிலும் சிவப்பு அட்டைதான்.

எங்களை மேய்த்த கங்காணி, மண்டோர் பக்கிரிசாமி, இறந்துவிட்டார். மிஞ்சியிருப்பவர் ஒருவர். மிஸ்டர் ஹெர்பர்ட், 1949 முதல் 1961 வரை மானேஜர். லயத்தில் அவருக்குப் பெயர் புல்லுத் தொரை. மேட்டு பங்களாவின் புல் மேல் அவ்வளவு பைத்தியம். அம்மா அந்தப் புல்லில்தான் வேலை செய்தார். ஆபீஸ் கணக்கர் பெர்னார்ட் கிராணி ஒரு பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைத் தேடிக் கொடுத்தார். அதில் முகவரி. அட்லஸில் பார்த்தேன். உன் ஊரிலிருந்து ஒரு நகம் தூரம்.

போய்ப் பார்.

அம்மாவிடம் சொன்னபோது சிரித்தார். "அவருக்கு என்னை எங்கடா தெரியும்? நாங்க குனிஞ்சு ஒக்காந்திருப்போம். அவரு புல்லைத்தான் பாப்பாரு லா."

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
பரஞ்சோதி

•

போர்ட் ஆர்டன், ஸ்காட்லாந்து
19.9.1973

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். காலுறை வாங்கிவிட்டேன், இரண்டு ஜோடி. அம்மாவின் முழங்கால் வலி எப்படி?

போனேன். புதன் எனக்கு ஓய்வு நாள். பஸ்ஸில் நாற்பது நிமிடம். கல் வீடு. தாழ்ந்த மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் கடல், சாம்பல் நிறத்தில். காற்றில் உப்பு. கதவைத் திறந்தவர் உயரமான கிழவர். ஒரு கையில் ஊன்றுகோல். மனைவி இறந்து நான்கு வருடம்.

சுங்கை லாலாங் என்றதும் உள்ளே விட்டார். தேநீர் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அங்கே நூற்றுக்கணக்கான பெண்கள் இருந்தார்கள். உன் அம்மாவை எனக்கு நினைவில்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுத என்னால் முடியாது."

கோபமில்லாமல்தான் சொன்னார்.

எழுந்து ஜன்னல் வழியே தன் புல்லைக் காட்டினார். நம் பள்ளித் திடலில் கால்வாசி. பாதி புல், பாதி பாசி. காலை வைத்தால் ஈரம் ஏறுகிறது. பன்னிரண்டு வருடமாகப் போராடுகிறாராம். "கெடாவில் அது அதுவாகவே வளர்ந்தது. நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை."

புதன்தோறும் வந்து புல்லுக்கு உதவட்டுமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. சரி என்றார்.

அம்மா அந்தப் புல்லை என்ன செய்தார்? ஒன்று விடாமல் கேட்டு எழுதுங்கள்.

தங்கை
பிரேமா

•

சுங்கை லாலாங்
4.10.1973

அன்பு பிரேமாவுக்கு,

இங்கே தினமும் மழை. இருவரும் நலம். முழங்கால் வலிக்கு நீ அனுப்பிய தைலத்தை அம்மா கழுத்தில் தடவுகிறார். வாசனை பிடித்திருக்கிறதாம்.

"நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை" என்ற வரியைப் படித்துக் காட்டினேன். "ஆமா, அவரு ஒண்ணும் செய்யலதான்" என்றார்.

அம்மா இப்போது வீட்டில்தான் இருப்பதால் நிறையப் பேச நேரம் கிடைத்தது. எழுதிக்கொள்.

எட்டுப் பெண்கள். காலை ஆறு மணி. ஒரே வரிசையாகக் குந்த வேண்டும். கையில் சிறு கத்தி. லாலாங் என்ற களைப்புல்லின் குருத்து கண்ணில் பட்டால் வேர் அறுபடாமல் தோண்டி எடுக்க வேண்டும். அறுந்தால் அறுந்த இடத்தில் இரண்டு வரும். வரிசை முடிந்ததும் ஒரு முழம் முன்னால் நகர வேண்டும். மேட்டின் அந்த முனைக்குப் போய்ச் சேர ஆறு நாள். ஏழாம் நாள் இந்த முனையிலிருந்து மறுபடி. ஜனவரி வெயிலில் தோள்மேல் காண்டா கம்பில் இரண்டு வாளி தொங்கவிட்டு ஆற்றிலிருந்து தண்ணீர். சாணி கரைத்து ஊற்றியது தொரைக்குத் தெரியாது. நாற்றத்துக்கு மாடு மேல் பழி.

நான் கேட்டேன், எட்டுப் பேர் பெயரும் நினைவிருக்கிறதா என்று. ஒரே மூச்சில் சொன்னார். குந்திய வரிசைப்படி.

அம்மாவின் யோசனை: பாசி பிடித்து மெலிந்த புல்லை ஒட்ட வெட்டிவிடு. மண் தெரிய வேண்டும். "பயப்படாம வெட்டச் சொல்லு. ரெண்டு வாரத்துல பொங்கிக்கிட்டு வரும்."

சளி பிடிக்காமல் இரு.

அண்ணன்
பரஞ்சோதி

•

போர்ட் ஆர்டன்
24.10.1973

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். முதல் தேர்வு முடிந்தது. இரவு வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். பகலில் தூங்கப் பழகுகிறேன்.

வெட்டிவிட்டேன். கண் சிகிச்சைக்காக அவர் நகரத்துக்குப் போயிருக்கிறார், வர மூன்று வாரம் ஆகும். சாவி என்னிடம் இருந்தது. தள்ளும் இயந்திரத்தின் கத்தியை அடிமட்டத்துக்கு இறக்கி, போய்த் திரும்பி, போய்த் திரும்பி. கை கொப்புளித்தது. மண் தெரிகிறது. அவர் வந்து பார்க்கும்போது குருத்து விட்டிருக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை. கடையில் புல் விதை விற்கிறார்கள். பொட்டலத்தில். நிழலுக்கு ஒன்று, கடற்கரைக்கு ஒன்று. கடற்கரைப் புல் தையல் நூல் போல மெல்லியது, உப்புக் காற்றைத் தாங்குமாம். கடைக்காரர் ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார், ஏதோ ஏலக்காய் போல.

அம்மா ஏன் வீட்டில் இருக்கிறார்? அது வியாழக்கிழமை, வேலை நாளில் எழுதிய கடிதம் இல்லையா. சம்பள விடுப்பா? முழங்காலா?

தங்கை
பிரேமா

•

சுங்கை லாலாங்
12.11.1973

அன்பு பிரேமாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தீபாவளி போயிற்று. முறுக்கு நமுத்துவிட்டது. மழை.

புல் விதைப் பொட்டலத்தை ஐந்தாம் வகுப்பில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. இருளப்பன் மகள் எழுந்து, "சார், அவங்களுக்கு நம்ம லாலாங்க மூட்டை கட்டி அனுப்பலாமே சார்" என்றாள். மருந்தடிக்கும் கும்பலில் அவள் அம்மா. புல்லைக் கொல்வதுதான் அந்த வீட்டின் வேலை. வகுப்பே சிரித்தது. நானும்தான். பிறகு, விதையிலிருந்து புல் வர எத்தனை நாள் என்று ஒருவன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. எழுது.

அம்மா உனக்கு முத்தம் அனுப்புகிறார். குருத்து வந்ததா என்று கேட்கிறார். தினமும் கேட்கிறார்.

அண்ணன்
பரஞ்சோதி

•

போர்ட் ஆர்டன்
5.12.1973

அன்புள்ள அண்ணனுக்கு,

வரவில்லை.

ஒரு குருத்துகூட இல்லை. நவம்பரில் இங்கே புல் உறங்கிவிடுகிறது. மார்ச் கடைசி வரை ஒரு நூல் நீளம்கூட வளராது. மூன்று மணிக்கே இருட்டுகிற ஊர். சூரியன் மதிலுக்கு மேல் எழும்புவதே இல்லை. இது எனக்குத் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கு எப்படித் தெரியும்? வெட்டிய இடமெல்லாம் மஞ்சள். மஞ்சளுக்கு மேல் பாசி. முன்பு பாதி. இப்போது முழுவதும்.

அவர் நகரத்திலிருந்து வந்த அன்று மதிலோரம் நெடுநேரம் நின்றாராம். பக்கத்து வீட்டம்மா சொன்னார். நான் போனபோது தேநீர் போட்டார். குடித்து முடித்த பிறகு, "யார் சொல்லி வெட்டினாய்?"

"அம்மா."

ஜன்னலைப் பார்த்தார். "கெடாவுக்கென்றால் அவள் சொன்னது சரி."

அண்ணா, முதல் தடவையாக அவர் அம்மாவைப் பற்றி, இருந்த ஓர் ஆளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார். எனக்கு அது போதுமென்று தோன்றியது. கையெழுத்துக்குப் போதாது.

பிறகு எட்டுப் பெண்கள், ஆறு நாள், சிறு கத்தி எல்லாம் சொன்னேன். "எட்டா?" என்றார். "நான் நான்கு பேர் என்று நினைத்திருந்தேன்."

விதையிலிருந்து வர இங்கே மூன்று வாரம், வெயில் இருந்தால். பையனிடம் சொல்லுங்கள்.

நீங்கள் என் கேள்விக்குப் பதில் எழுதவில்லை.

பிரேமா

•

சுங்கை லாலாங்
9.1.1974

அன்பு பிரேமாவுக்கு,

பதில் தாமதம். பலமுறை எழுதிக் கிழித்தேன். நாங்கள் நலம் என்று எழுதிவிட்டு மற்றதை எழுத முடியவில்லை. அதனால் மற்றதை முதலில் எழுதுகிறேன்.

செப்டம்பரோடு அம்மாவின் பெர்மிட் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. செக்ரோலில் பெயர் அடிக்கப்பட்டுவிட்டது. அதனால்தான் வீட்டில். நான் ஆசிரியன் என்பதால் லயத்து வீட்டை விட்டுவைத்திருக்கிறார்கள். மனு இந்த வருடம் தள்ளுபடியானால் என்ன ஆகும் என்று அட்டைப் பதிவு ஆபீசில் கேட்டேன். அந்த மனிதர் நல்லவர். பேனாவை மூடினார்.

பெண்டாங் பக்கம் பெர்மிட் இழந்த ஒரு குடும்பம் தாத்தா காலத்து ஊருக்கே கப்பல் ஏறிவிட்டதாகப் பேச்சு. அம்மா காதிலும் விழுந்திருக்கிறது. "போறதுன்னா எங்கடா போறது? எங்கப்பன்ல வந்தாரு கப்பல்ல. நா எந்தக் கப்பலையும் பாத்ததில்லையே." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போல.

குருத்து வரவில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. வருகிறது என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்
பரஞ்சோதி

•

போர்ட் ஆர்டன்
30.1.1974

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தை வார்டில் படித்தேன். அன்று மூன்று பேருக்கு ஊசி போட்டேன். கடிதம் சீருடைப் பையில்.

புதனன்று அதை அவருக்குச் சொன்னேன். கெஞ்சவில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும்.

அவர் மாடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு புகைப்படம் எடுத்து வந்தார். பங்களாப் புல், 1951. எனக்குக் காட்டவில்லை. மேசைமேல் கவிழ்த்து வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"என் புல்லில் ஒரு குறை இருந்தது. எப்போதும் இருந்தது. கண்ணால் பார்க்கலாம், இந்தப் படத்திலும் இருக்கிறது. ஆனால் புல்லில் குந்தியவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். உன் அம்மாவிடம் கேள். என்ன குறை, எந்த இடத்தில். அவள் சொல்வதும் இந்தப் படமும் ஒத்துப்போனால் அவளை எனக்குத் தெரியும் என்று எழுதுவேன்."

பிறகு, வேறு குரலில்: "ஏன் என்றும் கேள். மண்டோரைப் பத்து வருடம் கேட்டுப் பார்த்தேன்."

படம் இன்னும் கவிழ்ந்தே கிடக்கிறது. நான் பார்க்கவில்லை. உங்களுக்கு எந்தக் குறிப்பும் தர என்னிடம் இல்லை.

சீக்கிரம்.

பிரேமா

•

சுங்கை லாலாங்
17.2.1974

அன்பு பிரேமாவுக்கு,

சுகம். இன்று இதை நம்பி எழுதலாம்.

உன் கடிதத்தை அம்மாவிடம் படித்ததும் முகம் மாறிவிட்டது. "தப்பா? என்ன தப்பு? அந்தப் புல்லுல ஒரு லாலாங் கெடையாது. வேணும்னா வந்து பாக்கச் சொல்லு!" எழுந்து போய்விட்டார். அடுப்படியிலிருந்து, "இருவது வருசம் கழிச்சு ஆள் அனுப்பிக் கேக்குறாரு பாரு."

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. குறையை ஒப்புக்கொண்டால் கையெழுத்து கிடைக்காது என்று நினைத்திருக்கிறார். தொரை தப்பு எங்கே என்று கேட்டால், இல்லை என்பதுதான் பதில். அப்படித்தான் அந்த எட்டுப் பேரும் பிழைத்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் அந்தப் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் காலை, நான் பள்ளிக்குக் கிளம்பி டை கட்டிக்கொண்டிருந்தேன்.

"மூணாவது பாக்கு மரத்துக்குப் பக்கத்துல. ஒரு பாய் அகலம். தொட்டாச்சிணுங்கி."

"எடுக்கலியா?"

"எடுக்கல."

"ஏம்மா?"

என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஒனக்குத்தான்."

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டாயில் விட்டால் நான் நீலம் பாரிக்கும்வரை கத்துவேனாம். அதனால் மண்டோரிடம் சொல்லிவிட்டு என்னைத் தூக்கிப் போயிருக்கிறார். அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "அதுக்கு நடுவுல ஒன்ன ஒக்கார வச்சா நீ ஒவ்வொரு எலையா தொட்டு மூடுவ. கடைசி எலைய மூடுறதுக்குள்ள மொத எலை தொறந்துக்கும். நீ மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிப்ப. அதுக்குள்ள நா மூணு வரிசை முடிச்சிருவேன்."

"முள் குத்தாதா?"

"முள்ளையெல்லாம் நகத்தால கிள்ளிட்டுத்தான் ஒக்கார வப்பேன்."

எனக்குப் பிறகு நீ. உனக்குப் பிறகு, அதே வரிசையில் குந்திய அழகம்மா அக்காவின் பிள்ளைகள். எட்டுப் பேரும் அந்த இடத்தை விட்டுவிட்டு வரிசையை வளைத்துப் போவார்களாம். மண்டோர் தொரையிடம் தினமும் ஒரே பதில்: "நாளைக்கு எடுத்துருவோம் தொரை." பத்து வருடம் நாளைக்கு.

நான் அன்று பள்ளிக்குத் தாமதம். வழியில் சாலையோரம் குந்தி ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பு வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

ஒத்துப்போகிறதா? தந்தி அடி.

அண்ணன்
பரஞ்சோதி

•

போர்ட் ஆர்டன்
13.3.1974

அன்புள்ள அண்ணனுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். ஒரே சொல்தான் அனுப்பினேன். மீதி இங்கே.

உங்கள் கடிதத்தை ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். மூன்றாவது பாக்கு மரம் என்றதும் படத்தைத் திருப்பினார். வலமிருந்து மூன்றாவது மரம். அடியில் கருமையாக ஒரு வட்டம். நடுவில் வெள்ளைப் புள்ளி.

"கோழி என்று நினைத்திருந்தேன்" என்றார்.

உருப்பெருக்கி எடுத்து வரச் சொன்னார். கோழி இல்லை. தலையில் வெள்ளைத் துணி கட்டிய, சட்டையில்லாத ஒரு பயல். குனிந்திருக்கிறான். மும்முரமாக ஏதோ செய்கிறான். கேமராவைக் கவனிக்கவில்லை. நீங்கள் இன்றும் திருத்துகிற நோட்டின் மேல் அப்படித்தான் குனிவீர்கள்.

கிழவர் சிரித்தார். "நாளைக்கு தொரை" என்று தமிழில் சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பு மோசமில்லை. பத்து வருடம் அந்த இடத்தை ஊன்றுகோலால் காட்டியிருக்கிறார், அங்கே ஒரு குழந்தை இருந்ததை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

வழக்கறிஞர் முன்னால் கையெழுத்திட்ட கடிதமும் படத்தின் பிரதியும் இத்துடன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"காளியம்மா 1949 முதல் நான் பணி விட்ட 1961 வரை என் பங்களாவின் புல்லைப் பராமரித்தார். அக்காலம் முழுவதும் அவர் அத்தோட்டத்தை விட்டுச் செல்லவில்லை. அவர் பெயரை நான் அப்போது கேட்டதில்லை. அது என் தவறு. புல்லில் மிச்சம் வைத்த ஓரிடத்தைக் கொண்டு இப்போது அவரை அடையாளம் காண்கிறேன். படத்தில் இருப்பது அவர் மகன்."

பத்திரமாக அனுப்புகிறேன். பத்திரமாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.

தங்கை
பிரேமா

•

போர்ட் ஆர்டன்
22.5.1974

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆபீசிலிருந்து செய்தி இல்லையா? இரண்டு மாதம் உங்கள் கையெழுத்தைக் காணவில்லை. அம்மா நலம்தானே. நலம் என்று ஒரு வரி போதும்.

காத்திருக்கும் நேரத்தில் புல். ஏப்ரலில் பாசியை வாரிக் கொட்டினோம், பதினொரு கூடை. தோட்ட வேலைக்கான பெரிய முள்கரண்டியால் மண்ணில் குத்திக் குத்தித் துளை. துளைக்குள் கடல் மணல், நீர் இறங்க. பிறகு அந்த நூல் புல்லின் விதை. பீப்பாயில் கடற்பாசியை ஊறப்போட்டு அந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம். சாணியைவிட நாற்றம். பழி போட மாடு இல்லை. இருபத்து மூன்றாம் நாள் பச்சை தெரிந்தது. தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அவரும் படுத்துப் பார்த்தார். தூக்கிவிட எனக்கும் பக்கத்து வீட்டம்மாவுக்கும் பத்து நிமிடம்.

இப்போது வெட்டலாம். ஒட்ட வெட்டுவதில்லை.

மதிலோரம் மூன்று இலை விடும் ஒரு செடி தானாக வந்திருக்கிறது. வெள்ளைப் பூ. புல்வெளிக்காரர்கள் பிடுங்குவார்கள். அதைச் சுற்றிக் குச்சி நட்டுக் கயிறு கட்டி, வெட்டாதே என்றார். ஒரு பாய் அகலம். காலையில் ஊன்றுகோல் நுனியால் அதைத் தொடுகிறார். சுருங்குவதில்லை. சுருங்காது என்று அவருக்குத் தெரியும்.

பிரேமா

•

சுங்கை லாலாங்
8.9.1974

அன்பு பிரேமாவுக்கு,

அம்மா நலம். நான் நலம். எழுதாததற்குக் காரணம், எழுத ஒன்றுமில்லை. இப்போது இருக்கிறது.

ஜூனில் நேர்காணல். சுங்கைப் பட்டாணிக்கு பஸ்ஸில் போனோம். அம்மா பட்டுச் சேலை. அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு மலாயில், பெரியம்மா என்று அழைத்துக் கேட்டார், "மாச்சிக், இந்தப் பையன் எங்கே?"

அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இனி லா, துவான்." இதோ இவன்தான் ஐயா என்று.

டை, மீசை, கண்ணாடி. ஆபீஸ் முழுவதும் சிரித்தது. அதிகாரி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, புல்லில் ஏன் அந்தச் செடியை விட்டுவைத்தீர்கள் என்று முறைப்படி கேட்டார். எழுதிக்கொள்ள வேண்டுமாம். அம்மா பின்வாங்குவார் என்று நினைத்தேன். "தெரிஞ்சுதான் விட்டேன்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவர் எழுதிக்கொண்டார்.

நேற்று அட்டை வந்தது. நீலம்.

அம்மா அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். தன் பெருவிரல் ரேகையைத் தடவினார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துக் காட்டினேன். பெயர், எண், பிறந்த வருடம், முகவரி.

"புல்லு வெட்டுனது இருக்கா?"

"அதெல்லாம் இதுல இருக்காதும்மா."

அட்டையை முந்தானையில் துடைத்தார்.

"அப்ப அந்தத் தொரை கடுதாசியக் குடு. ரெண்டையும் சேத்து வைக்கிறேன்."

அண்ணன்
பரஞ்சோதி